கீரைக்கட்டு என்ன விலை?

முதல் நாள், திங்கள் – வைகை எக்ஸ்பிரஸ்

வேலையை விட்டு இன்றோடு 40 நாள். விட்டேன் என்பது பாதி உண்மை. விடச் சொன்னார்கள் என்பது மீதி. 26 வருடம் மென்பொருள் உத்தியோகம், வயது 51. இன்னொரு கம்பெனிக்குப் போய், என் மகள் வயதுப் பையன் முன்னால் நேர்காணலுக்கு உட்கார மனசில்லை. மகளுக்குப் பெங்களூரில் வேலை. மடிப்பாக்கம் வீட்டில் நான், மனைவி, மாமியார் என மூன்றே பேர். வாடகை 24,000. ஆபீஸுக்குப் பக்கம் என்றுதான் அந்த வீட்டை எடுத்தோம். இப்போது ஆபீஸ் இல்லை, வாடகை மட்டும் இருக்கிறது.

அதனால் குறைந்த செலவில் குடியேற ஒரு ஊர் பார்க்கக் கிளம்பியாயிற்று. திருச்சி, கும்பகோணம், மதுரை, தென்காசி, நாகர்கோவில். தினமும் ராத்திரி எழுதிவிட்டுத்தான் படுப்பது என்று திட்டம். கோயம்புத்தூரை ஏன் விட்டாய் என்று கேட்பீர்கள். சிறுவாணித் தண்ணீரும் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றும் யாருக்குக் கசக்கும்? ஆனால் விசாரித்த வரையில் அங்கே வாடகை சென்னையோடு மல்லுக்கட்டுகிறது. மடிப்பாக்கத்திலேயே இருந்துவிடலாம்.

தாம்பரத்தில் ஏறி உட்கார்ந்ததும் மனைவி நோட்டை எடுத்து இரண்டு விதி எழுதினாள். ஒன்று, எந்த ஊரிலும் டாக்ஸி கிடையாது. எழுபது வயதில் பஸ்ஸும் ஆட்டோவும்தான் கதி என்றால் இப்போதே அதில் போய்ப் பார்த்துவிட வேண்டும். இரண்டு, வாடகை 9,250 ரூபாயைத் தாண்டக் கூடாது. இந்த எண் தபால் நிலையத்திலிருந்து வந்தது. மாதாந்திர வருமானத் திட்டத்தில் கணவன் மனைவி கூட்டாக 15 லட்சம் வரை போடலாம். 7.4 சதவிகித வட்டியில் மாதம் 9,250 கைக்கு வரும். “வாடகையைத் தபால் ஆபீஸ் கொடுக்கட்டும், மீதியை நீங்க பாருங்க” என்றாள்.

நான் பார்க்கவேண்டிய மீதியையும் சேர்த்து மொத்தச் செலவு மாதம் 45,000. விலைவாசி வருடத்துக்கு 6 சதவிகிதம் ஏறினால் இதே வாழ்க்கைக்குப் பத்து வருடத்தில் 80,000 வேண்டும், இருபது வருடத்தில் 1,44,000. ஓய்வைப் பற்றிப் பேச ஆரம்பித்தாலே எல்லாரும் 4 சதவிகிதம் என்று ஒரு மந்திரம் ஓதுகிறார்கள். 1994-இல் வில்லியம் பெங்கன் என்ற அமெரிக்க நிதி ஆலோசகர் போட்ட கணக்கு அது. முதல் வருடம் சேமிப்பில் 4 சதவிகிதம் எடு, பிறகு விலைவாசிக்குத் தக்கபடி கூட்டிக்கொள், 30 வருடம் தாங்கும் என்றார். அது அவர்கள் ஊர்ப் பங்குச்சந்தை, அவர்கள் ஊர் விலைவாசி. தவிர, மனைவிக்கு 47 வயது. எங்களுக்கு 40 வருடத்துக்குக் கணக்கு வேண்டும். நான் 3 சதவிகிதத்தோடு நிறுத்திக்கொண்டேன். அதுதான் இந்த 45,000. (மூலதனம் எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பார்க்காதீர்கள்.)

கிளம்பும்போது மாமியார் சொன்னது இது: “எந்த ஊரா இருந்தாலும் சரி மாப்பிள்ளை. முளைக்கீரை கட்டு என்ன விலைன்னு மட்டும் கேட்டுட்டு வாங்க.” மடிப்பாக்கத்தில் 30 ரூபாய்.

இரண்டாம் நாள், செவ்வாய் – ஸ்ரீரங்கம்

சத்திரம் பேருந்து நிலையத்திலிருந்து ஒன்றாம் நம்பர் பஸ். மனைவிக்குக் கட்டணமில்லாப் பயணச்சீட்டு. 2021-இலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது என்பது தெரிந்த விஷயம்தான். ஆனால் பட்ஜெட் நோட்டில் ‘போக்குவரத்து’ என்ற வரியில் எனக்கு மட்டும் ஒரு தொகை எழுதி, தனக்குப் பூஜ்யம் போட்டுவிட்டு அவள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

மேட்டூர் திறந்து இரண்டு வாரம் ஆகியிருந்ததால் பாலத்தின் கீழே காவிரியில் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. பஸ்ஸில் பாதிப் பேர் அந்தப் பக்கம் தலையைத் திருப்பினார்கள். தினமும் போகிறவர்கள்கூட.

தரகர் மூன்று வீடு காட்டினார். காட்டுவதற்கே 500 ரூபாய். முதல் வீட்டில் ஏற்கனவே ஆள் குடி வந்து கோலம் போட்டிருந்தார்கள். இரண்டாவது வீடு உத்திர வீதியில், ராஜகோபுரம் தெரிகிற மாடி. வாடகை 14,000. விதி உடைந்தது, இருந்தாலும் பார்த்தோம். மொட்டை மாடிக்கு நேர் கீழே இருந்த அறையில் சுவரைத் தொட்டால் சுட்டது. மனைவி ஏ.சி. இல்லாமல் முடியாது என்றாள். நான் மனதுக்குள் மின்கட்டணம் போட்டேன். இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் வரை ஒரு கணக்கு. 501 ஆனால் கீழே இருக்கிற யூனிட்டுகளுக்கும் சேர்த்து விலை ஏறிவிடும். திருச்சி வெயிலில் ஏ.சி. ஓடினால் அந்தக் கோட்டைத் தாண்டாமல் இருப்பது கஷ்டம்.

வீட்டுக்காரர் இரண்டே கேள்வி கேட்டார். “சார் எங்கே வேலை பார்க்கறீங்க?” ஐ.டி. என்றேன். நிகழ்காலமா இறந்தகாலமா என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அடுத்தது, “சைவம்தானே?” மீன் மட்டும் சாப்பிடுவோம் என்று மனைவி உண்மையைச் சொன்னாள். அவர் மிகவும் மரியாதையாக, வாசல் வரை வந்து வழியனுப்பினார்.

மூன்றாவது வீட்டை வாங்கவும் செய்யலாம் என்றார் தரகர். விசாரித்தால் கட்டடம் இவர்களுடையது, அடிமனை கோயிலுடையது. வாங்கும் யோசனையே இப்போதைக்கு இல்லை. தமிழ்நாட்டில் கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவிகிதம், பதிவுக் கட்டணம் 2 சதவிகிதம். 40 லட்சத்துக்கு ஒரு வீடு வாங்கி, ஆறு மாதத்தில் ஊர் பிடிக்காமல் போனால் 3,60,000 ரூபாய் போனது போனதுதான். முதலில் பதினோரு மாத ஒப்பந்தம். மற்றதெல்லாம் பிறகு.

கீரை 15 ரூபாய்.

மூன்றாம் நாள், புதன் – கும்பகோணம்

மனைவி பிறந்த ஊர், அதனால் பார்வை கொஞ்சம் ஒருபக்கச் சாய்வுதான். டபரா செட்டில் காபி வந்ததும் அவளுக்குக் கண் கலங்கியது. எனக்கு நாக்கு சுட்டது.

வீடு 8,000-க்கே கிடைக்கிறது. தெருக்கள் எல்லாம் நடக்கிற தூரம். ஆனால் மத்தியானம் மூன்று மணிக்கு அவளுடைய பழைய தெருவில் போய் நின்றபோது தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை. திண்ணைகளுக்குக் கம்பிக் கதவு போட்டிருந்தார்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் எல்லாரும் சென்னையில் இருக்கிறார்களாம், வேளச்சேரியில் ஒருவர். மடிப்பாக்கத்துக்கு அடுத்த பேட்டை. இருபது வருடமாக எங்களுக்குத் தெரியாது!

இங்கே கேட்டவரிடம் “கன்சல்டன்ட்” என்று சொன்னேன். எதற்குச் சொன்னேன் என்று தெரியவில்லை. கீரை 10.

நான்காம் நாள், வியாழன் – மதுரை

தஞ்சாவூர் வழியாக வந்து சேரவே உடம்பு அலுத்துவிட்டது. மதுரை எனக்கு மிகவும் பிடித்த ஊர். ராத்திரி பதினொரு மணிக்கு இட்லி கிடைக்கிற ஊரை யாருக்குத்தான் பிடிக்காது? ஆனால் அந்தப் பதினொரு மணி இரைச்சலை அத்தை தாங்க மாட்டார் என்று மனைவி சொன்னாள். சிம்மக்கல்லில் சாலையைக் கடக்க நாங்களே நாலு நிமிடம் நின்றோம்.

ஒரு வேலை மட்டும் முடிந்தது. அத்தைக்குக் கண்புரை இருக்கிறது. அரவிந்த் கண் மருத்துவமனையில் போய் நடைமுறையெல்லாம் கேட்டு வந்தோம். 1976-இல் டாக்டர் வெங்கடசாமி, அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, 11 படுக்கையோடு ஆரம்பித்த இடம். ஓய்வு பெற்று இதைச் செய்த மனிதர் இருந்த ஊரில் நின்றுகொண்டு, ஓய்வு பெற்று எங்கே மலிவாகப் படுக்கலாம் என்று நான் அலைகிறேன்.

கீரை கேட்க மறந்துவிட்டோம். போனில் திட்டு.

ஐந்தாம் நாள், வெள்ளி – தென்காசி

இன்றைக்குக் கொஞ்சம் நீளமாகப் போகும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

ராஜபாளையம் தாண்டியதும் பஸ் ஜன்னலில் காற்று மாறியது. தென்காசியில் இறங்கியபோது மழை என்றும் சொல்ல முடியாது, வெயில் என்றும் சொல்ல முடியாது. சட்டை நனைகிறது, குடை விரிக்கத் தோன்றவில்லை. சாரல். காசி விஸ்வநாதர் கோயில் வாசலில் காற்று முதலில் எதிர்த்துத் தள்ளும், உள்ளே போகப் போகப் பின்னாலிருந்து தள்ளும் என்பார்கள். தள்ளியது. மனைவி பூ வைத்திருந்த தலையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். இந்தப் பயணத்தில் அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை, பஸ் டிக்கெட்டைத் தவிர.

மேலகரத்தில் ஒரு வீடு. 7,000 ரூபாய். முன்னால் சிமென்ட் திண்ணை, பின்னால் கிணறு, கிணற்றோரம் கொய்யா. கிணற்றில் எட்டிப் பார்த்தால் கை நீட்டித் தொடுகிற தூரத்தில் தண்ணீர் என்று தோன்றும். வாளியை விட்டால் கயிறு போய்க்கொண்டே இருக்கிறது. சமையலறையில் அம்மிக்குத் தனி மேடை. மேற்கு ஜன்னலைத் திறந்தால் மலை, அதன் பாதி வரை மேகம். நான் அந்த ஜன்னலோரமே நின்றுவிட்டேன். மனதுக்குள் சாமான்களை இறக்கி, நாற்காலியைப் போட்டு, பேப்பரையும் விரித்தாயிற்று.

வீட்டுக்காரர் வயதானவர். “என்ன ஜோலி பாக்கிய?” என்றார். இந்தத் தடவை ஓய்வு பெற்றுவிட்டேன் என்றேன். தலை முதல் கால் வரை பார்த்தார். “இந்த வயசுலயா? உடம்புக்கு ஏதும் சொகமில்லையோ?” இல்லை, நன்றாக இருக்கிறேன் என்று நான் சொல்லச் சொல்ல அவர் முகத்தில் பரிதாபம் கூடிக்கொண்டே போனது. கடைசியில் வாடகையில் 500 குறைத்துக்கொள்வதாகச் சொன்னார்.

கீரை 10. அத்தைக்குச் சொன்னேன். “அப்போ அதுதான் ஊர்” என்றார்.

ஆறாம் நாள், சனி – குற்றாலம், பிறகு ஒரு டீக்கடை

சீசன் சனிக்கிழமை. ஐந்தருவியில் தண்ணீரைவிடத் தலைகள் அதிகம். குளித்தோம், எண்ணெய்க் குளியல், பரோட்டா எல்லாம் முறைப்படி நடந்தது. அதில் எழுத ஒன்றும் இல்லை.

எழுத வேண்டியது சாயங்காலம் டீக்கடையில் நடந்தது. குடி வரப்போவதாக நான் பெருமையாகச் சொல்ல, டீ ஆற்றிக்கொண்டே கடைக்காரர் சொன்னார்: “சீசன்ல வந்து பாத்துட்டு முடிவெடுக்காதிய. மார்ச் மாசம் வாங்க, அருவியில பாறைதான் இருக்கும்.” அதைக்கூட நான் பொருட்படுத்தவில்லை. மனைவி அடுத்த கேள்வியைக் கேட்டாள். ராத்திரி நெஞ்சுவலி வந்தால் எங்கே போவீர்கள்? “இங்க பெரியாஸ்பத்திரி இருக்கு. பெரிய காரியம்னா ஐகிரவுண்டுதான்.” ஐகிரவுண்டு என்றால் திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. தென்காசி 2019-இல் தனி மாவட்டமானது. அரசு மருத்துவக் கல்லூரி இன்னும் வரவில்லை.

அறைக்குத் திரும்பியும் அவள் அதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. நோட்டில் எதையோ எழுதினாள்.

ஏழாம் நாள், ஞாயிறு – தென்காசி முதல் நாகர்கோவில் வரை

காலையில் திருநெல்வேலி பஸ் கிளம்பியதும் மனைவி கடிகாரத்தைப் பார்த்து மணி குறித்தாள். பாவூர்சத்திரத்தில் ஒரு தடவை, ஆலங்குளத்தில் ஒரு தடவை. நான் காற்றாலை, வாழைத்தோட்டம் என்று வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தேன். திருநெல்வேலி வந்ததும் நோட்டைக் காட்டினாள். ஒரு மணி நாற்பது நிமிடம்.

“ஆம்புலன்ஸ் சீக்கிரம் போகும்” என்றேன்.

“சரி, ஒரு மணி நேரம்னு வைங்க. அம்மா பின்னாடி படுத்திருக்காங்க. நீங்க முன்னாடி உட்கார்ந்திருக்கீங்க. அந்த ஒரு மணி நேரம் என்ன செய்வீங்க?”

பதில் சொல்ல ஒன்றும் இல்லை. அலுவலகக் காப்பீடு வேலையோடு போய்விட்டது. அத்தைக்குச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உண்டு. புதிதாகக் காப்பீடு எடுத்தால், ஏற்கனவே இருக்கிற நோய்களுக்கு மூன்று வருடம் வரை காத்திருக்கச் சொல்லலாம் என்பது விதி. இடைப்பட்ட காலத்தில் தனியார் மருத்துவமனைக் கட்டணம் ஒன்று வந்தால், 7,000 ரூபாய் வாடகையில் நான் மிச்சம் பிடித்ததெல்லாம் ஒரே வாரத்தில் கரைந்துவிடும். பெரிய அரசு மருத்துவமனை பக்கத்தில் இருப்பதும் ஒரு வருமானம்தான் என்பது எனக்கு உறைத்தது முப்பந்தல் தாண்டும்போது. காற்றாலைகள் எல்லாம் சுற்றிக்கொண்டிருந்தன.

கொய்யா மரத்தை மட்டும் இன்னும் மறக்க முடியவில்லை.

எட்டாம் நாள், திங்கள் – நாகர்கோவில்

வடசேரியில் இறங்கிய நேரத்திலிருந்து மழை. தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்கும் உண்டு. இரண்டு பக்கமும் வாங்கிக்கொள்கிற மாவட்டம். ஏ.சி.யே வேண்டாம். ஆசாரிப்பள்ளத்தில் மருத்துவக் கல்லூரி. நாங்கள் பார்த்த வீட்டிலிருந்து ஆட்டோவில் பதினைந்து நிமிடம். மனைவி மணி பார்த்தாள். வாடகை 9,000, விதிக்குள் வந்துவிட்டது. மத்தியானம் சாப்பிட்ட மீன்குழம்பைப் பற்றிச் சொன்னால் ஸ்ரீரங்கத்து வீட்டுக்காரர் வருத்தப்படுவார், விடுங்கள்.

வீட்டுக்காரர் நேரடியாக விஷயத்துக்கு வந்தார். ரிட்டையர்டு என்றதும், “சர்வீஸ் பென்ஷன் உண்டா?” இல்லை. “அப்ப எப்படி?” தபால் நிலையத்தைப் பற்றிச் சொன்னேன். “உங்க வயசுல சீனியர் சிட்டிசன் ஸ்கீம்ல போட முடியாதே” என்றார். ஆள் வங்கியில் இருந்தவராம். உண்மைதான், அதற்கு 60 ஆக வேண்டும். விருப்ப ஓய்வு வாங்கியவர்களுக்கு 55. எனக்கு இன்னும் நாலு வருடம். அத்தை பெயரில் போடலாமே என்று அவரே வழியும் சொன்னார். 30 லட்சம் வரை, 8.2 சதவிகிதம். நல்ல மனிதர். இந்த ஊரே முடிவு என்று நான் மனதுக்குள் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

ராத்திரி அத்தையிடம் சொன்னேன். ஆஸ்பத்திரி பக்கம், மழை உண்டு, வாடகை சரி, கீரை 20. கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு கேட்டார்: “மாப்பிள்ளை, மாயவரத்துல எங்க அண்ணனுக்கு எம்பத்தாறு வயசு. ஒண்ணுன்னா, எடுக்கறதுக்குள்ள நான் போய்ச் சேர முடியுமா?”

இந்த வரி எங்கள் நோட்டில் இல்லை. சென்னையில் என் தம்பி, மாயவரத்தில் அவர் அண்ணன், பெங்களூரில் மகள், மதுரைப் பக்கம் என் அக்கா. நாகர்கோவிலிலிருந்து சென்னை 700 கிலோமீட்டருக்கு மேல். நல்லதுக்கு முன்கூட்டியே டிக்கெட் எடுக்கலாம். கெட்டதுக்கு எப்படி எடுப்பது? மனைவி வரைபடத்தை விரித்து எல்லாரையும் புள்ளி வைத்தாள். நடுவில் எந்த ஊர் வருகிறது என்று சொல்லவே வேண்டாம். முதல் நாள் இறங்கிய ஊர்.

ஒன்பதாம் நாள், செவ்வாய் – மறுபடியும் திருச்சி

இரவு ரயிலில் வந்து இறங்கினோம். இந்தத் தடவை தரகர் இல்லை. உறையூரில் தெருத்தெருவாக நடந்து ‘வீடு வாடகைக்கு’ என்று தொங்குகிற அட்டைகளைப் பார்த்தோம். அரசு மருத்துவமனை புத்தூரில், தனியார் மருத்துவமனைகள் தில்லை நகர் பக்கம். இரண்டுமே ஆட்டோவில் பத்து நிமிடத்துக்குள். மூன்றாவது தெருவில் ஒரு தரைத்தளம். பழைய வீடு, மேலே இன்னொரு மாடி இருப்பதால் வெயில் நேராக இறங்காது. பின்கட்டில் துணி துவைக்கிற கல், அதன் மேல் ஒரு பூனை. எங்களைப் பார்த்துவிட்டு எழுந்திருக்கவில்லை.

மலையும் இல்லை, மேகமும் இல்லை. ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுத் துணிக்கொடி.

வீட்டுக்கார அம்மா ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை. வாடகை 11,000 என்றார். மனைவி நோட்டைப் பார்த்தாள், நான் தரையைப் பார்த்தேன். “சார் என்ன பண்றாங்க?” என்று கேள்வி வந்தது. எனக்கு அலுத்துவிட்டது.

“வேலை இல்லைங்கம்மா. விட்டாச்சு. தபால் ஆபீஸ் வட்டியிலதான் வாடகை கொடுப்போம். அது 9,250 வரும்.”

அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தார். “கூட்டுக் கணக்கா? நானும் அதுலதான் போட்டிருக்கேன். ஒத்தைக் கணக்குக்கு ஒன்பது லட்சம்தான் விடுறாங்க” என்றார். அப்புறம் ஐந்து வருடம் கழித்து வட்டி குறைந்தால் என்ன செய்வது என்று அவரும் மனைவியும் அரை மணி நேரம் பேசினார்கள். வாடகை 10,500-க்கு இறங்கியது. 1,250 துண்டு விழுகிறது. “உங்க பஸ் செலவுல பிடிச்சுக்கலாம், நடங்க” என்று முடித்தாள் மனைவி. அட்வான்ஸ் மூன்று மாதம். ஒப்பந்தம் பதினோரு மாதம். ஆடியில் பால் காய்ச்ச வேண்டாம், ஆவணியில் வருகிறோம் என்று பேச்சு.

தெருமுனைக்கு வந்ததும் அத்தைக்குப் போன் போட்டேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

“கீரை?”

“பதினஞ்சு ரூபா அத்தை. சைக்கிள்ல வாசலுக்கே வருதாம்.”

“பரவாயில்லை. தண்டு இளசா இருந்துச்சா?”

“பார்க்கலையே.”

“நாளைக்குக் காலையில பார்த்துட்டு ரயில் ஏறுங்க.”